யார் காதில் விழப் பாடினாள்? – மலையகப் பிரிவுப் பாட்டில் சொல்லும் தொனியும்

வட்டவளைக்கு மேலே, ஹட்டனுக்குக் கீழே, மலையை வளைத்துப் போகும் பாதையில் இருக்கிறது றொசல்ல ரயில் நிலையம். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கவும் அரிசி மூட்டைகளை மலைக்கு ஏற்றவும் வெட்டிய பாதை இது. 1884இல் ஹட்டனை எட்டியது. எண்பது வருடம் கழித்து இதே பாதையால் தோட்டத்து மனிதர்களையே இறக்கினார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இந்தத் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். விட்டுவைத்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். றொசல்லயில் கோச்சி ஏறினால் நாவலப்பிட்டி, பொல்கஹவெல, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். 1984இல் கப்பல் நின்றுபோகும்வரை இந்த வழியில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்த இருவரில் ஒருவருடைய தகப்பன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருப்பார், மற்றவருடைய தகப்பன் இலங்கைக்கு எழுதிக்கொடுத்திருப்பார். காதல் முறிய வேறு காரணம் தேவைப்படவில்லை.

அந்த வண்டிக்கு மலையகத்தில் நிலைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. எழுத்தாளர் மு. சிவலிங்கம் அந்தப் பெயரைத் தம் கதைக்கே தலைப்பாக்கினார். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் சேர்ந்து அழுத அழுகைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டதால் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. மலையகத்துப் பிரிவுப் பாட்டு என்றாலே அது ஒப்பாரிதான் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். மேடையில் பாடுகிறவர் குரலைத் தாழ்த்தி, இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். கட்டுரை எழுதுகிறவர் சோகம், ஏக்கம், கண்ணீர் என்ற மூன்று சொல்லுக்குள் முடித்துக்கொள்கிறார்.

ஒப்பாரி செத்தவருக்கு. செத்தவர் திரும்பிப் பேசமாட்டார் என்பது ஒப்பாரியின் அடிப்படை. அதனால்தான் அதில் அவருடைய பெருமை வரும், பாடுகிறவளின் நிர்க்கதி வரும், பதில் எதிர்பார்க்கும் கேள்வி வராது. வருகிற கேள்விகளும் விதியைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள். கைவிட்டுப் போனவன் அப்படியல்ல. எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு, ஒருவேளை இன்னொருத்தியோடு சிரித்துக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறான். அவனைத் திட்டலாம், மானத்தைச் சுரண்டலாம், பேரம் பேசலாம், சாபம் விட்டுவிட்டு அடுத்த அடியிலேயே சாபத்தைத் திருப்பி எடுக்கலாம். நாட்டார் காதல் பாட்டு இவை எல்லாவற்றையும் செய்கிறது. அழுவதும் அதில் ஒன்று. எப்போதும் முதலாவது என்று சொல்வதற்கில்லை.

தொனியைத் தவறாகக் கேட்பது நம்மிடம் மட்டும் உள்ள குறை அல்ல. ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் ஒரு சோதனை நடத்தினார். கவிதைகளை, எழுதியவர் பெயரில்லாமல், மாணவர்களிடம் கொடுத்து அவர்கள் கருத்தை எழுதி வாங்கினார். நன்றாகப் படித்த பிள்ளைகள்தான். ஆனால் கேலியைத் துயரம் என்றும் போலி உருக்கத்தை உண்மை என்றும் பலர் எழுதிக்கொடுத்தார்கள். 1929இல் வந்த 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' அந்தக் குளறுபடிகளை வைத்து எழுந்த நூல். ஒரு கூற்றின் அர்த்தத்தை அவர் நான்காகப் பிரித்தார்: சொல்லும் பொருள், பொருளைப் பற்றிய உணர்ச்சி, தொனி, நோக்கம். இதில் தொனி என்பது, கேட்பவரைப் பார்த்துச் சொல்பவர் எடுக்கும் நிலை. பிரிவைப் பற்றிப் பாடுகிறவளுக்கு என்ன உணர்ச்சி என்பது ஒரு விஷயம். அதை யாரிடம், எந்தத் தோரணையில் சொல்கிறாள் என்பது வேறு விஷயம். நாம் பெரும்பாலும் முதலாவதைத்தான் தொனி என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பிரிவுப் பாட்டின் தொனியைப் பிடிக்கக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அவள் எவ்வளவு வருத்தமாக இருந்தாள் என்பதல்ல. அதை யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.

கொழுந்து மலையில் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். காலையில் பெரட்டு என்ற ஆளெடுப்பு முடிந்து மலைக்கு ஏறி, ஆளுக்கொரு நிரை பிடித்து நிற்பார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. பக்கத்து நிரைக்காரி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பாள். ஆனால் செடி மறைக்கும், முகம் பாதிதான் தெரியும். இரு கையும் கொழுந்தில் இருக்கும், வாய் மட்டும் சும்மா இருக்கும். கொஞ்சம் தள்ளி, மேட்டில், கங்காணி கம்போடு நிற்பார். இந்த நிலையில் ஒருத்தி, போனவனைப் பார்த்து ஒரு பாட்டை எடுக்கிறாள். பாட்டு முன்னிலையில் அழைப்பது இல்லாத மச்சானை. கேட்பது இருக்கிற கூட்டாளிகள். தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பது கங்காணி. அந்தக் கூட்டாளிகளில் ஒருத்தி மச்சானுடைய தங்கையாக இருந்தால் பாட்டின் கூர்மையே மாறிவிடும். அழுகிற குரலில் அவள் பாடமாட்டாள். குத்திக்காட்டுகிற குரலில் பாடுவாள். சொன்னது அன்று மாலைக்குள் அந்த வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். போய்ச் சேரட்டும் என்றுதான் பாடுகிறாள்.

இதைப் படிக்கும்போது சங்கப் பாட்டுப் பழகியவர்களுக்கு ஒரு துறை நினைவுக்கு வந்திருக்கும். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். தலைவி அவனைப் பார்த்துப் பேசவில்லை. தோழியைப் பார்த்துப் பேசுகிறாள், அவன் காதில் விழும்படி. சிறைப்புறம் என்று பழைய உரைகாரர்கள் குறித்த ஏற்பாடு இது. மேலுக்குப் பார்த்தால் ஏங்கிப் புலம்புகிற பாட்டு. துறைக் குறிப்பைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தால் அது ஒரு நெருக்கடி. சீக்கிரம் வந்து கல்யாணத்தை முடி என்று கழுத்தைப் பிடிக்கிற பேச்சு. வரைவு கடாதல் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. குறுந்தொகைப் பாட்டுகளின் அடியில் இருக்கும் அந்தச் சிறிய உரைநடைக் குறிப்பை எடுத்துவிட்டால், பாதிப் பாட்டுகளின் தொனி நமக்குப் பிடிபடாது. யார் யாருக்குச் சொன்னது, யார் கேட்கச் சொன்னது என்று நம்முடைய மரபு ஆயிரம் வருடத்துக்கு மேலாகப் பாட்டோடு சேர்த்தே காப்பாற்றி வைத்தது. ரிச்சர்ட்ஸின் மாணவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மலையகப் பாட்டு அச்சேறியபோது இந்தக் குறிப்புத்தான் முதலில் உதிர்ந்தது. சி. வி. வேலுப்பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலை உறுப்பினராக நாடாளுமன்றம் போய், தோட்டம் தோட்டமாகப் பாட்டுச் சேர்த்தவர் அவர். 1984இல் அவர் மறைந்தபின், 1987இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' வந்தது. பாட்டையும் அந்த வாழ்க்கையையும் அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. அவருக்குப் பின் 'மலையக வாய்மொழி இலக்கியம்' எழுதிய சாரல்நாடனும் அந்த மண்ணுக்குள் இருந்தே எழுதினார். கோளாறு, அவர்களிடமிருந்து எடுத்தாண்டவர்களிடம் இருக்கிறது. நான்கு அடியை மட்டும் வெட்டி எடுத்து, துயரத்துக்குச் சான்று என்று கட்டுரையில் ஒட்டிவிட்டார்கள். இந்த மக்கள் துயரப்பட்டார்கள் என்று உலகத்துக்கு நிரூபிக்கவேண்டிய அவசரம் ஒரு காலத்தில் நியாயமானதாக இருந்தது. அந்த அவசரத்தில், திட்டத் தெரிந்த ஒரு பெண்ணை அழ மட்டும் தெரிந்தவளாக்கிவிட்டோம்.

சொல்லுக்கு வருவோம். முதலில் விளி. மச்சான், மாமன் மகன் என்று கூப்பிடுவதைப் பாசத்துக்குச் சொல்வது என்று கடந்துபோகிறோம். தோட்டத்து உறவு முறையில் அது ஓர் உரிமைப் பத்திரம். மாமன் மகன் மேல் அத்தை மகளுக்கு முறை உண்டு. ஊர் ஒப்புக்கொண்ட முறை. முறையே இல்லாத ஒருவனைக் காதலித்தாலும் பாட்டில் அவன் மச்சான்தான். காதலன் என்று சொன்னால் விட்டுப்போவது அவனுடைய இஷ்டம் ஆகிவிடும். மச்சான் என்று சொன்னால் விட்டுப்போவது முறைகேடு. ஒரே விளியில் அவள் வழக்குத் தொடுத்துவிடுகிறாள், பக்கத்து நிரைக்காரிகளைப் பஞ்சாயத்தாக உட்காரவைத்தும் விடுகிறாள்.

அடுத்து 'நீ'. கட்டியவனை லயத்துக்கு நடுவே நின்று நீ என்று கூப்பிடும் பெண்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. அவரு, அவுக, இல்லாவிட்டால் பிள்ளை பெயரைச் சொல்லி இன்னாருடைய அப்பா. பாட்டுக்குள் மட்டும் நீ, வந்தியா, போனியா. பாட்டு அவளுக்கு வாங்கித் தந்த சலுகை அது. பிரிவுப் பாட்டை நவீனக் கவிதையாக்குகிறவர்கள் சிலர் இந்த 'நீ'யை 'நீங்கள்' ஆக்கி மரியாதை சேர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மரியாதை வந்தது, ஆள் போய்விட்டாள்.

பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் என்ன செய்கின்றன என்று பார்க்க, ஒரு பேச்சுக்கு நாமே மூன்று சொல் கட்டுவோம்: அவன் போன ரயில். பொருள் விளங்குகிறது. பிழை எதுவும் இல்லை. ஆனால் இதை யாரும் சொல்லவில்லை, எழுதியிருக்கிறார்கள். 'ரயில்' என்ற இடத்தில் பாடப்புத்தகச் சொல்லான 'புகையிரதம்' போட்டால் அறிவித்தல் பலகை ஆகிவிடும். புகையிரதத்தில் போனவன் நேரசூசிப்படி போனவன். அவனுக்காக யாரும் அழமாட்டார்கள். 'கோச்சி' என்று மாற்றிய கணத்தில் றொசல்ல ஸ்டேஷன் வந்துவிடுகிறது. சிங்களமும் தமிழும் மலைநாட்டில் சேர்ந்தே வைத்திருக்கும் சொல் அது. அதைச் சொல்கிறவளுக்கு ஊர், வயது, குரல் மூன்றும் உண்டு.

இப்போது வினை. 'போன' என்றால் முடிந்துபோன காரியம், தூரத்திலிருந்து பார்க்கிறோம். 'ஏறின கோச்சி' என்று மாற்றிப் பாருங்கள். அவன் கால் படியில் இருக்கிறது. இன்னும் இறங்க வாய்ப்பு இருந்தது, இறங்கவில்லை. பழி அவன் மேல் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாற்றம்: 'ஏத்திவிட்ட கோச்சி'. இப்போது பழி அவனை விட்டு நகர்ந்துவிட்டது. ஏற்றிவிட்டது யார்? தகப்பனா, தோட்டத்துரையா, டில்லியிலும் கொழும்பிலும் இருந்தவர்களா? சொல்லவில்லை, சொல்லாமலே கேள்வி தொக்கி நிற்கிறது. சோகம் என்ற சொல்லை எந்த இடத்திலும் வைக்கவில்லை. ஒரு பெயரெச்சமும் ஒரு துணைவினையும் மாறியதில், ஏக்கம் குற்றச்சாட்டாகி, குற்றச்சாட்டு அரசியலாகிவிட்டது. சொல்தேர்வு என்பது அழகான சொல்லைத் தேடுவது என்று நினைப்பவர்கள் இந்த 'விட்ட' என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். காதலைக் கெடுத்த காரணம் மாறும்போதெல்லாம் பாட்டின் சொற்கிடங்கும் மாறியிருக்கிறது. 1921இல் ஒழிக்கப்படும்வரை தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. ஓர் ஆள்கட்டின் கடன் முழுவதையும் கணக்குப்போட்டு எழுதிய சீட்டு அது. கடனை ஏற்றுக்கொள்ளும் வேறு தோட்டத்துக்குப் பெரிய கங்காணி அந்தத் துண்டோடு தம் ஆட்களை ஓட்டிக்கொண்டு போகலாம். ஆட்கள் என்றால் அத்தனை பேரும். ஒரு பெண் இன்னொரு கங்காணியின் கட்டில் இருந்த பையனை விரும்பியிருந்தால், ஒரு காலையில் அவன் லயம் காலியாகியிருக்கும். அந்தப் பிரிவுக்கு எதிரி கங்காணி. பழிப்பதற்கு முகம் உள்ள எதிரி. கங்காணியைக் கிண்டலடிக்கும் பாட்டுகளும் காதல் பாட்டுகளும் மலையகத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பதில் ஆச்சரியம் இல்லை.

1964க்குப் பின் வந்த பிரிவுக்கு முகம் இல்லை. மனு, விசாரணை, பாஸ்போட், குடும்ப அட்டை. திட்டுவதற்கு ஆள் கிடைக்காதபோது பாட்டின் குரல் தடுமாறுகிறது. ஒப்பாரி அந்த இடைவெளியில்தான் உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன். ஒப்பாரிக் கோச்சி என்ற பெயர் அந்தக் காலத்தில் பிறந்ததும் இதனால்தான். அதையும்விட விசித்திரமான ஒரு நிலை 1984க்குப் பின் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் கப்பல் நின்றுவிட்டதால் போகமுடியாமல் தங்கிப்போனவர்கள் பலர். அவர்களுடைய சட்டச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. போகிறேன் என்று சொல்லி அழுது முடித்தாயிற்று. ஆனால் ஆள் அடுத்த லயத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார். விடைபெற்றபின் இருபது வருடம் எதிரெதிரே நடமாடிய இருவருக்கு என்ன பாட்டு? சங்க இலக்கியத்தின் எந்தத் துறையிலும் அடங்காத நிலை அது. மலையகக் கவிஞர்கள் இதை இன்னும் சரியாகத் தொடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

துக்கத்தைத் துக்கம் என்று சொல்லாமல் காட்டுவது எப்படி என்பதற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே எழுதிவைத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உள்ளே நடப்பது உடம்பில் தெரியவேண்டும் என்பது அதன் சாரம். அதனால்தான் சங்கத் தலைவிக்கு வளை கழலுகிறது, தோள் மெலிகிறது. தோட்டத்தில் வளை கழலுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. அங்கே உடம்பின் வாட்டத்தை அளக்க இன்னும் துல்லியமான கருவி உண்டு: நிறுவைத் தராசு.

நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் நிர்ணயித்த கொழுந்து வந்தால்தான் முழுப்பேர். குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். பேர் என்றால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் விழும் ஒரு நாள் சம்பளம். நன்றாகக் கொழுந்தெடுக்கிற ஒருத்திக்குத் திடீரென்று நிறை விழுகிறது. மூன்று நாள் தொடர்ந்து அரைப்பேர். தராசடியில் வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, லயம் முழுக்கத் தெரியும். 'அரைப்பேர்' என்ற ஒரு சொல்லில், பிரிந்தவளின் மெய்யும் மனமும் கூலியும் மூன்றும் பாதியாகிவிடுகின்றன. அகராதியைப் புரட்டினால் இதற்கு ஈடான சொல் அகப்படாது. நிறுவைத் தட்டில் ஒரு பெண்ணின் மானத்தையே வைத்துக் கதை சொல்லலாம் என்று என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்'தில் காட்டிவிட்டார். கவிதைக்காரர்களுக்கு அந்தத் தராசு இன்னும் காத்திருக்கிறது.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. தென்மேல் பருவத்தில் றொசல்லயில் வானம் வெளுப்பது அபூர்வம். வெளியிலிருந்து வந்து எழுதுகிறவருக்கு அந்தப் பனி ஒரு வசதி. காதல் தொலைந்தது என்றால் உடனே பனிக்குள் தொலைந்துவிடும். மலையில் நிற்பவளுக்குப் பனி என்பது நனைந்த படங்கும் காலில் ஏறும் அட்டையும். மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று நிறுவையில் கிலோக் கழிப்பார்கள். பல வருடமாக ஓயாத சண்டை அது. ஆகவே அவள் பாட்டில் மழை வந்தால் கண்ணீருக்கு உவமையாக மட்டும் வராது, கழித்துக்கொண்ட கிலோவாகவும் வரும். குறிஞ்சி நிலத்தில் இருந்துகொண்டு பாலையைப் பாடும் மக்கள் என்று ஒரு சொற்றொடர் மலையக விமரிசனத்தில் அடிக்கடி கண்ணில் படும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்காப்பியரின் குறிஞ்சியில் செக்ரோல் கிடையாது.

காதல் தோல்வி என்ற சொற்கட்டு எப்போது இந்த மலைக்கு ஏறியது? பழைய நாட்டார் பாட்டில் 'காதல்' என்ற சொல்லே அரிது. ஆசை, பிரியம், சேர்த்தி என்றுதான் வரும். சினிமாவும் வானொலியும் அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். 1953இல் தமிழில் வந்த 'தேவதாஸ்' ஒரு புதிய ஆளை அறிமுகப்படுத்தியது. சரத் சந்திரர் 1917இல் வெளியிட்ட வங்காளக் கதையின் நாயகன், குடித்துக் குடித்துத் தன்னையே அழித்துக்கொள்கிற ஆண், தமிழ்நாட்டின் காதல் தோல்விக்கு முகமானான். பிறகு இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அந்தக் குரலை லயத்துக் காம்பராவுக்குள்ளேயே கொண்டுவந்து தந்தது. பிரிவைப் பாடும் உரிமை பெண் குரலிலிருந்து ஆண் குரலுக்குக் கைமாறியது அப்போதுதான். முன்பு அவள் பிறர் கேட்க அவனைத் திட்டினாள். இப்போது அவன் யாரும் கேட்காத இடத்தில் தன்னைப் பார்த்துத் தானே இரங்குகிறான். கேட்பவர் இல்லாத இடத்தில் ரிச்சர்ட்ஸ் சொன்ன தொனிக்கு வேலையே இல்லை. மிஞ்சுவது உணர்ச்சி மட்டும். இதயம், ரணம், நினைவுகள் என்ற சொற்கள் இன்றைய இளைஞர் கவிதையில் குவிவதற்கு இதுதான் காரணம் என்று தோன்றுகிறது. அந்தச் சொற்களுக்கு ஊர் கிடையாது. றொசல்லயிலும் எழுதலாம், ரொறன்ரோவிலும் எழுதலாம்.

இன்று பையன்கள் கொழும்புக் கடைகளிலும் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வளைகுடா வீடுகளிலும் இருக்கிறார்கள். பிரிவுக்குக் கடல் வேண்டும், கோச்சி வேண்டும் என்ற நிலை இல்லை. போன் கையில் இருக்கும்போதே ஆள் போய்விடுகிறார். 'பிளாக் பண்ணிட்டான்' என்று தோழியிடம் சொல்லும் பெண்ணின் குரலைக் காதுகொடுத்துக் கேட்டால், அழுகையைவிட அவமானமும் ஆத்திரமும் தூக்கலாக இருக்கும். வாட்ஸ்அப்பில் அவள் போடும் ஸ்டேட்டஸ் யாருக்கு? அவனுடைய தங்கை பார்ப்பாள், பார்த்துச் சொல்வாள் என்றுதான். சிறைப்புறம் இன்னும் ஒழியவில்லை. அந்தப் பெண் கவிதை எழுத உட்கார்ந்தால் மட்டும் ஏனோ இந்தக் குரலை வெளியே வைத்துவிட்டு, இதயத்தையும் ரணத்தையும் எடுத்துக்கொள்கிறாள்.

என் வாதத்துக்கு எதிரானதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையிலேயே ஒப்பாரித் தொனியில் பாடிய இழந்த காதல் உண்டு, அதுவும் ஒப்பாரி வைக்கும் வீட்டிலேயே. யாருடைய சாவுக்கோ கட்டிப்பிடித்து அழ உட்காரும் பெண்கள் தம் சொந்தக் குறையையும் அதற்குள் இழைத்துவிடுவது தமிழ் ஊர்களில் எங்கும் உள்ள வழக்கம். முப்பது வருடத்துக்கு முன் கப்பல் ஏறியவனை, கட்டியவன் காதில் விழாமல், ஊர் நடுவில் நின்று அழ ஒருத்திக்குக் கிடைக்கும் ஒரே இடம் பிறத்தியார் இழவு. தெரிந்தவளுக்கு அந்த அடி வரும்போது தெரியும். தெரியாதவர்களுக்கு அது செத்தவருக்கான அழுகை. இங்கும் தொனியைத் தீர்மானிப்பது கேட்பவர்தான். ஒரே அடி, இரண்டு காதில் இரண்டு பாட்டு.

இதனால்தான் வரியை மட்டும் எழுதி எடுப்பது போதாது என்கிறேன். பாட்டி பாடியதைக் கைபேசியில் பதிந்து, பிறகு உட்கார்ந்து, கோச்சியை ரயிலாக்கி, ஏத்திவிட்டதை ஏற்றிவிட்டதாக்கி, மச்சானைக் காதலனாக்கித் திருத்தி எழுதி, பாடசாலை மலரிலும் போட்டியிலும் கொடுக்கிறோம். நடுவர்களும் அந்தத் திருத்தத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். திருத்தவேண்டாம். அவர் எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதையே, அந்த ஒலியிலேயே எழுதுங்கள். பாட்டுக்குக் கீழே மூன்று வரி உரைநடையில் சேருங்கள்: யார் பாடினார், எந்த வேலை நடந்துகொண்டிருந்தது, அப்போது யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடியவரின் பெயரைப் போட அவருக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம்; மற்ற இரண்டும் கட்டாயம் வேண்டும். 1970இல் பதினெட்டு வயதாக இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த முறையே கேட்டு எழுதிவிடுங்கள்.